இரண்டு அடையாள வரிகளுக்கு நடுவில் இருப்பதை மட்டும் பைத்தானில் எடுக்க

பழைய நூல்களை இலவசமாகத் தரும் கூட்டன்பர்க் தளத்திலிருந்து ஒரு நாவலை டெக்ஸ்ட் கோப்பாக இறக்கி, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால், நாவலுக்குச் சம்பந்தமே இல்லாத ‘லைசென்ஸ்’, ‘டொனேஷன்’ எல்லாம் பட்டியலில் ஏறியிருக்கும். கோப்பின் கடைசியில் ஒட்டியிருக்கும் நீளமான உரிமக் குறிப்பிலிருந்து வருபவை அவை. நூல் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்பதற்கு மூன்று நட்சத்திரத்தோடு ‘ஸ்டார்ட் ஆஃப்’, ‘எண்ட் ஆஃப்’ என ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஆளுக்கொரு வரி இருக்கிறது. நடுவில் உள்ளது போதும்.

பலர் உடனே ரெஜெக்ஸுக்கு (வடிவத்தைச் சொல்லி உரையில் தேடும் முறை) போவார்கள். வேண்டாம். அதில் எந்த எழுத்துக்கும் பொருந்தும் புள்ளி சாதாரணமாக வரி தாண்டாது. தாண்ட வைத்தாலோ, ‘எத்தனை எழுத்தானாலும்’ என்று பொருள்படும் புள்ளி-நட்சத்திரம் கடைசி முடிவு வரி வரைக்கும் அள்ளிக்கொண்டு போகும். பத்து நூல்களை ஒரே கோப்பில் சேர்த்து வைத்திருந்தால் இடையில் இருக்கும் குப்பையும் கூடவே வரும்.

வரி வரியாகப் படியுங்கள். கோப்பைத் திறக்கும்போதே அதன் எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று சொல்லிவிடுங்கள். ‘உள்ளே’ என்று ஒரு மாறி (பைத்தான் 3-ல் தமிழிலேயே பெயர் வைக்கலாம்), ஆரம்பத்தில் அதன் மதிப்பு ஃபால்ஸ் (இல்லை), பிறகு ட்ரூ (ஆம்) ஆகும். ஒவ்வொரு வரியிடமும் மூன்று கேள்வி: இது முடிவு வரியா? ஆமென்றால் ‘உள்ளே’ ஃபால்ஸ். அப்புறம், ‘உள்ளே’ ட்ரூவாக இருக்கிறதா? இருந்தால் வரியைப் பட்டியலில் சேர். கடைசியாக, இது தொடக்க வரியா? ஆமென்றால் ‘உள்ளே’ ட்ரூ. இந்த வரிசைதான் முக்கியம், தொடக்கத்தை முதலில் கேட்டால் அந்த அடையாள வரியும் பட்டியலுக்குள் வந்துவிடும்.

முழு வரியையும் சமக்குறி போட்டு ஒப்பிடாதீர்கள். வரியின் கடைசியில் புதுவரிக் குறி ஒட்டியிருக்கும், நூலின் பெயரும் அதே வரியில் வரும், பழைய கோப்புகளில் ‘திஸ்’ என்றும் புதியவற்றில் ‘தி’ என்றும் எழுதியிருப்பார்கள். நான் ‘தி’ வரைக்கும் சேர்த்து ஒப்பிட்டதில் பழைய நூல்கள் எல்லாம் காலியாக வந்தன, காரணம் பிடிபட ஒரு மாலை முழுக்கப் போனது. வரி எப்படித் தொடங்குகிறது என்று பார்க்கும் ஸ்டார்ட்ஸ்வித் கொண்டு ‘ஆஃப்’ வரைக்கும் பார்த்தால் போதும்.

சுழற்சி முடிந்த பிறகும் ‘உள்ளே’ ட்ரூவாகவே இருந்தால் முடிவு வரி வரவே இல்லை என்று அர்த்தம். அங்கே கட்டாயம் ஒரு எச்சரிக்கை அச்சிடுங்கள், இல்லையென்றால் உரிமக் குறிப்பு முழுவதும் சத்தமில்லாமல் உள்ளே வந்திருக்கும்.

நீங்களே அடையாளம் போட்டு எழுதிய சின்னக் கோப்பென்றால் இவ்வளவும் தேவையில்லை, டெர்மினலில் ‘ஆக்’ (awk) என்ற கட்டளைக்கு '/தொடக்கம்/,/முடிவு/' என்று கொடுத்துப் பக்கத்தில் கோப்பின் பெயரைப் போட்டால் சரி. அடையாள வரிகள் இரண்டும் சேர்ந்தே வரும்.