ஆஸ்பத்திரிக் கட்டடம் வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படிப்பை முடித்துவிட்டு வரும் இளம் கட்டடக் கலைஞர்களின் வைத்தியசாலை பிளான்கள் அடிக்கடி என் மேசைக்கு வருகின்றன. ஒரு காலத்தில் நாங்கள் விட்ட அதே பிழைகள், இப்போது கம்ப்யூட்டரில் இன்னும் அழகாக. சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை வேண்டும், தீப்பிடித்தால் இறங்க இன்னொரு படிக்கட்டு வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம்.

லிஃப்டில் மிச்சம் பிடிப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது. கொழும்பில் ஒரு பேர்ச் காணி என்ன விலை என்று தெரியும்தானே, அதனால் கட்டடம் மேலே மேலே போகிறது. ஆனால் இடம் போதாது என்றதும் முதலில் வெட்டு விழுவது லிஃப்டுக்குத்தான். கட்டில் சுமார் 2.2 மீட்டர், லிஃப்டின் உள்நீளம் 2.3 மீட்டர், "கட்டில் கொள்ளும் சேர்" என்பார்கள். கட்டில் தனியாகவா போகிறது? தலைமாட்டில் பையை அமுக்கி மூச்சுக் கொடுக்கும் தாதி, பக்கத்தில் சேலைன் ஸ்டாண்ட், மொனிட்டர், ஒட்சிசன் சிலிண்டர், கால்மாட்டில் தள்ளும் சிற்றூழியர், இவ்வளவும் சேர்ந்துதான் போகும்.

நகருக்குள் ஒரு தனியார் வைத்தியசாலை. சத்திரசிகிச்சைக் கூடம் ஐந்தாம் மாடி, தீவிர சிகிச்சைப் பிரிவு மூன்றாம் மாடி. (இரண்டையும் ஒரே மாடியில் வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.) அங்கே தாதி சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒருக்களித்து நின்று, கையை எட்டிப் பையை அமுக்கிக்கொண்டு இறங்குவார். தள்ளிவந்த சிற்றூழியருக்கு உள்ளே இடமில்லை. அவர் படிக்கட்டால் ஓடிப்போய், கீழே கதவு திறந்ததும் கட்டிலை இழுத்தெடுப்பார். பகல் நோயாளரைப் பார்க்கும் நேரத்தில் அதே லிஃப்டுக்கு சோற்றுப் பார்சலோடு சனம் வரிசையில் நிற்கும். அழுக்குத் துணியும் குப்பையும், இறந்தவர் உடலும் போவது அதே லிஃப்டில்தான்.

சுவரில் பிழை என்றால் உடைத்துக் கட்டலாம். எல்லா மாடியையும் ஊடுருவி நிற்கும் கொங்கிரீட் கூட்டை என்ன செய்வது? கடைசியில் கட்டடத்துக்கு வெளியே இன்னொரு லிஃப்டை ஒட்டவைத்தார்கள். வாகனத் தரிப்பிடத்தில் பாதி போயிற்று. அதற்கு வழிவிட மாடிக்கு ஒரு நோயாளர் அறையும் போயிற்று. ஆரம்பத்தில் மிச்சம் பிடித்ததோ அறையின் ஒரு மூலை!

சர்வதேசத் தர அளவுகளில் 2000 கிலோ வைத்தியசாலை லிஃப்டின் உள்ளளவு 1.5 மீட்டருக்கு 2.7 மீட்டர். கூடத்துக்கும் தீவிர சிகிச்சைக்கும் அதிலிருந்து குறையாதீர்கள். அப்படி இரண்டு வேண்டும், ஒன்று எப்படியும் பழுதாகும். பார்வையாளருக்கு வேறு, அழுக்குக்கு வேறு.

குளியலறைக் கதவு

வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டுதான் கிடப்பார்.

ஏ.சி.யை மட்டும் நம்புவது

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. ஜெனரேட்டருக்கு டீசலும் கிடைக்காத காலம். திறக்க முடியாத கண்ணாடிச் சுவரை வார்டுக்கு வரைபவர்கள் அதை மறந்துவிட்டார்கள் போலும். இயற்கைக் காற்றை நம்பும் பொது வார்டில் ஒரு நோயாளிக்கு வினாடிக்கு 60 லீட்டர் காற்று வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009 இல் சொன்னது. ஜன்னல் திறந்தால்தான் அது வரும். மேற்குப் பக்க ஜன்னலுக்கு மட்டும் கூரையை நன்றாக நீட்டுங்கள், தென்மேற்குப் பருவ மழையின் சாரல் நேரே கட்டிலுக்கு வரும்.

பெரிய டொக்டரிடம் மட்டும் கேட்பது

அவர் வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். பெட்பான் கழுவும் அறையைக் கோடியில் ஒதுக்கினால், அடுத்த கோடியிலிருந்து நிறைந்த பெட்பானோடு எல்லாக் கட்டிலையும் தாண்டி நடப்பவர் இன்னொருவர். ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இரவு டியூட்டித் தாதியிடமும் சிற்றூழியரிடமும் பிளானைக் காட்டிக் கேளுங்கள். அப்புறம் டொக்டரிடம் போகலாம்.

பெயர்ப்பலகை

மூன்று மொழிக்கும் ஒரே அளவு எழுத்து. தமிழை, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அடியுங்கள்.