கள்ளிச் செடியை உருவத்தை வைத்து அடையாளம் சொல்லாதீர்கள்

போன மாதம் ஒரு நர்சரியில், மூன்று பட்டையாக நிமிர்ந்து நின்ற செடி ஒன்றைக் 'காக்டஸ்' என்று அட்டை எழுதி வைத்திருந்தார்கள். நுனியில் ஒடிந்த இடத்தில் பால் வடிந்து காய்ந்திருந்தது. நம் ஊர்ச் சதுரக்கள்ளி. விற்றவரைக் குறை சொல்ல மாட்டேன். தமிழில் இரண்டையுமே கள்ளி என்றுதானே சொல்கிறோம்!

ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பம். சதுரக்கள்ளி, இலைக்கள்ளி எல்லாம் ஆமணக்கின் உறவுக்காரர்கள். சங்கப் பாடல்களின் பாலை நிலத்தில் வருகிற கள்ளியும் இந்த வகைதான். காக்டஸ் குடும்பமோ அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. வடக்கே கனடாவிலிருந்து தெற்கே படகோனியா வரை ஏறத்தாழ 1,500 முதல் 1,800 சிற்றினங்கள். மெக்சிகோவில்தான் மிக அதிகம். ஐரோப்பியக் கப்பல்கள் வந்த பிறகுதான் சப்பாத்திக்கள்ளி நம் மண்ணுக்கு வந்தது. பார்க்கக் கள்ளி மாதிரி இருந்ததால் பழைய பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முள்ளைப் பார்க்காதீர்கள், முள் எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். சப்பாத்திக்கள்ளியின் ஒரு மடலைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால், சாய்வு வரிசைகளில் புள்ளி புள்ளியாகச் சின்னப் பஞ்சுத் திட்டுகள் தெரியும். இதை ஏரியோல் என்பார்கள். முள், பூ, புது மடல் எல்லாம் இந்தத் திட்டிலிருந்துதான் வரும். பெரிய முட்களின் அடியில் மண்டியிருக்கும் சுணையும் இங்கிருந்துதான். அதன் பழத்தைப் பறித்துத் தின்றவர்களுக்குச் சுணையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விரலில் மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கும். காக்டஸ் குடும்பம் முழுவதற்கும் பொது அடையாளம் இந்தத் திட்டுதான். சதுரக்கள்ளியில் அது கிடையாது. பட்டை ஓரத்தில் முட்கள் இரண்டிரண்டாக நிற்கும், அவ்வளவே.

பால் வந்தால் காக்டஸ் இல்லை என்று ஒரு சுருக்கு வழி சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் முழுக்க நம்பக்கூடாது. மாமில்லாரியா என்ற காக்டஸ் பேரினத்தில் பால் வடியும் வகைகளும் உண்டு. தவிர, சதுரக்கள்ளிப் பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. சோதித்துப் பார்க்கிறேன் என்று எதையும் கீறாதீர்கள். பூக்கும்வரை காத்திருங்கள். காக்டஸ் பூவில் இதழ்கள் அடுக்கடுக்காக இருக்கும், நடுவே மகரந்தத் தாள்கள் கொத்தாக நிறைந்திருக்கும். சதுரக்கள்ளியின் பூ கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

முள் இருந்தால்தான் காக்டஸ் என்று நினைப்பது அடுத்த தவறு. 'எங்கள் வீட்டில் பிரம்ம கமலம் பூத்திருக்கிறது, வந்து பாருங்கள்' என்று ராத்திரி பத்து மணிக்கு அக்கம்பக்கத்தைக் கூப்பிடுகிறோமே, அது மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் பிறப்பிடமான ஒரு காக்டஸ். மரத்தில் தொற்றி வளரும், பெயர் எபிஃபில்லம். இமயமலைப் பிரம்ம கமலம் சூரியகாந்திக் குடும்பத்துச் செடி, இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 'இலையிலிருந்து பூக்கும் அதிசயம்' என்பதும் சரியல்ல. இலை என்று நாம் நினைப்பது தட்டையான தண்டு. அதன் ஓரத்தில் வளைவு வளைவாக இருக்கும் பள்ளங்களைத் தடவிப் பாருங்கள். ஏரியோல்கள் அங்கேதான் இருக்கின்றன, முள் இல்லாமல். மொட்டும் அங்கிருந்துதான் இறங்குகிறது.

காக்டஸ் என்றால் பாலைவனம் என்பதும் இதே மாதிரிதான். பிரேசிலின் அட்லாண்டிக் மழைக்காடுகளில் மரக்கிளைகளில் தொங்குபவை ஏராளம். அந்த வகையைச் சேர்ந்த ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா என்ற ஒன்று மட்டும் ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் இயல்பாகவே வளர்கிறது. மெல்லிய கயிறுகளாகத் தொங்கும், புல்லுருவிப் பழம் போலப் பிசுபிசுப்பான சிறு பழங்கள் காய்க்கும். பறவைகள் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. பெரெஸ்கியா என்ற காக்டஸைப் பார்த்தால் இன்னும் குழப்பம். நிஜமான அகன்ற இலைகளோடு சாதாரணப் புதர் போல நிற்கும், ஆனால் ஏரியோல் இருக்கும்.

உருவத்தில் அறிவியலாளர்களும் ஏமாந்திருக்கிறார்கள். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1753இல், தான் அறிந்த காக்டஸ் வகைகள் அத்தனையையும் 'காக்டஸ்' என்ற ஒரே பேரினத்தில் அடக்கினார். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட பேரினங்கள். தூண் வடிவமும் உருண்டை வடிவமும் இந்தக் குடும்பத்துக்குள்ளேயே பலமுறை தனித்தனியாகத் தோன்றியிருக்கின்றன என்று மரபணு ஆய்வுகள் காட்டியதும், பழைய பிரிவுகள் பல கலைந்தன. டிராகன் பழச் செடி ஹைலோசீரியஸாக இருந்து 2017இல் செலினிசீரியஸ் ஆனது இப்படித்தான். பெயர் மாறிவிட்டதே, வேறு செடியோ என்று குழம்பாதீர்கள். அட்டையில் இரண்டு பெயரையும் எழுதி வையுங்கள்.

பெயர் தப்பினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒரு பழைய கதை. சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சி சப்பாத்திக்கள்ளியில்தான் வளரும். அந்தச் சாயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆசை. 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்தது. வந்தது நல்ல சாயம் தரும் இனம் இல்லை, அதன் மட்டமான உறவு. சாயத் தொழில் எடுபடவில்லை. பூச்சி மட்டும் நிலைத்துவிட்டது. அது சப்பாத்திக்கள்ளியில் ஒரு சிற்றினத்தைத் தின்று தீர்த்தது, இன்னொன்றைத் தொடவே இல்லை. தொடாமல் விட்டது காடு கழனியெல்லாம் பரவியது. கடைசியில் 1926இல் அதற்கென்றே வேறொரு கொச்சினீல் இனத்தை இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து கட்டுப்படுத்தினார்கள். நமக்கு எல்லாமே சப்பாத்திக்கள்ளி. பூச்சிக்கு அப்படி இல்லை.

அப்புறம், வாங்கும்போது ஒன்று. இந்தக் குடும்பத்தில் 31 சதவீதச் சிற்றினங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2015இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு சொன்னது. அலங்காரச் செடிக்காகக் காட்டிலிருந்து தோண்டி எடுப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அபூர்வ வகை என்று யாராவது அதிக விலை சொன்னால், விதையிலிருந்து வளர்த்ததா என்று கேளுங்கள். உடம்பெல்லாம் தழும்பும், அடிப்பக்கம் மரப்பட்டை போல இறுகியும், வேர் வெட்டுப்பட்டும் இருந்தால், அது தொட்டியில் பிறந்த செடியாக இருக்க வாய்ப்புக் குறைவு. வாங்காமல் வந்துவிடுங்கள்.