சோற்றை முற்றாக நிறுத்தினால்தான் எடை குறையுமா? எடை குறைக்க முயல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் வசிக்கும் என் அக்கா தைப்பொங்கலுக்கு மறுநாள் சோற்றை நிறுத்தினார். சோற்றோடு இடியப்பம், புட்டு, பாண், தோசை, வாழைப்பழம் என்று மாச்சத்து உள்ள எல்லாமே அவருடைய வீட்டு மேசையிலிருந்து மறைந்தன. மூன்று கிழமை கழித்துத் தொலைபேசியில், “தம்பி, மூண்டு கிலோ குறைஞ்சிட்டுது, நீயும் சோத்தை விடு” என்றார். சித்திரைப் புத்தாண்டுக்குள் அந்த மூன்று கிலோவும் திரும்பி வந்துவிட்டது. தனக்கு மனவுறுதி போதாது என்று அவர் தன்னையே நொந்துகொண்டதைக் கேட்க எனக்கு வேதனையாக இருந்தது. அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முறையிலேயே பிழை இருந்தது என்பதை விளக்குவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எடை குறைவதற்கு மாச்சத்தை முற்றாக நீக்க வேண்டியதில்லை. பாடசாலையில் காபோவைதரேற்று என்று நாம் படித்த இந்தப் பொருள் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 4 கிலோகலோரி சக்தியைத் தருகிறது. புரதம் தருவதும் அதே அளவுதான். கொழுப்போ 9 கிலோகலோரி தருகிறது. உடல் செலவழிப்பதைவிடக் குறைவான சக்தி நாள்தோறும் உள்ளே போனால் எடை குறையும். அந்தக் குறைவைச் சோற்றிலிருந்தும் ஏற்படுத்தலாம், எண்ணெயிலிருந்தும் ஏற்படுத்தலாம், தேநீரில் போடும் சீனியிலிருந்தும் ஏற்படுத்தலாம்.

முதல் மாதத்தில் தராசு காட்டும் எண்ணை நம்பிவிடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் முதற் தவறு. நாம் உண்ணும் மாச்சத்தின் ஒரு பகுதியை உடல் கிளைக்கோஜன் என்ற வடிவில் ஈரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. வளர்ந்தவர் ஒருவரின் உடலில் பொதுவாக 400 முதல் 500 கிராம் வரை கிளைக்கோஜன் இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்ந்திருக்கும். மாச்சத்தை நிறுத்தியதும் சில நாட்களிலேயே இந்தச் சேமிப்பு பெருமளவு கரைந்து, அதோடு கட்டுண்டிருந்த நீரும் வெளியேறிவிடுவதால், ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை எடை இறங்குவது இயல்பு. கொழுப்பு இவ்வளவு விரைவாகக் கரைவதில்லை. உடற்கொழுப்பு ஒரு கிலோவில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி உள்ளது. மூன்று கிழமையில் மூன்று கிலோ கொழுப்பைக் கரைக்க வேண்டுமானால் நாள்தோறும் 1,100 கிலோகலோரி குறைத்து உண்டிருக்க வேண்டும். அக்கா அப்படி உண்ணவில்லை. அவர் இழந்ததில் பெரும்பகுதி நீர். மீண்டும் சோறு உண்டபோது முதலில் திரும்பி வந்ததும் அந்த நீரே.

மாச்சத்தைக் குறைக்கும் உணவுமுறைகளால் யாருமே பயன் பெறவில்லை என்று நான் சொல்லவில்லை. பயன் பெற்றவர்கள் இருக்கிறார்கள். பாணும் பிஸ்கட்டும் இனிப்பும் நின்றுவிடுவதாலும், புரதம் கூடுவதால் பசி அடங்கிவிடுவதாலும், அவர்கள் தம்மை அறியாமலே குறைவாக உண்கிறார்கள். ஆனால் மாச்சத்தைக் குறைப்பவர்களையும் கொழுப்பைக் குறைப்பவர்களையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் ஒரே விடையைத்தான் தந்துள்ளன. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 609 பேரை இரு பிரிவாக்கி ஓராண்டு கண்காணித்து 2018 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6.0 கிலோவும் எடை குறைந்திருந்தார்கள். இந்த வித்தியாசம் புள்ளிவிபர ரீதியில் பொருட்படுத்தத்தக்கதாக இருக்கவில்லை. சீனியையும் வெள்ளை மாவையும் தவிர்த்து மரக்கறியை நிறைய உண்ணும்படி இரு பிரிவினருக்கும் அறிவுறுத்தியிருந்தார்கள் என்பதே எனக்கு இந்த ஆய்வில் முக்கியமாகப் படுகிறது. ஒரே பிரிவுக்குள்ளேயே சிலர் 25 கிலோவுக்கு மேல் குறைந்தார்கள், சிலருக்கு எடை கூடியது. இதற்கு முன்னர் 2009 இல் வெளியான, 811 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்த மற்றோர் அமெரிக்க ஆய்வில், மொத்தச் சக்தியில் மாச்சத்தின் பங்கு 35 சதவீதம் முதல் 65 சதவீதம் வரை வேறுபட்ட நான்கு உணவுமுறைகளும் ஏறத்தாழ ஒரே அளவு எடைக்குறைவையே தந்தன.

நீரிழிவு உள்ளவர்கள் “எங்களுக்கென்றால் மாச்சத்து ஆகவே ஆகாது” என்பார்கள். அவர்களுக்கு 2017 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றை எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில மாதங்கள் வழக்கமான உணவுக்குப் பதிலாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கிலோகலோரி மட்டுமே தரும் பானங்களைக் கொடுத்து, பின்னர் படிப்படியாகச் சாதாரண உணவுக்குத் திருப்பினார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதமானோர் நீரிழிவு மருந்தில்லாமலே கட்டுப்பாட்டு நிலையை எட்டியிருந்தார்கள். அந்தப் பானங்களின் சக்தியில் 59 சதவீதம் மாச்சத்திலிருந்தே வந்தது. மருத்துவக் கண்காணிப்பில் நடந்த இந்த முறையை வீட்டில் தாமாக யாரும் பின்பற்றக்கூடாது. ஆனாலும் மாச்சத்து உள்ளே போனால் எடை குறையாது என்ற கூற்றுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியாது.

அப்படியானால் கொழும்பில் நம் சாப்பாட்டில் எது பிழை? கோட்டைப் பகுதியில் வேலை செய்யும் நான் பல ஆண்டுகளாகக் கடைப் பார்சல் உண்டு வந்தவன். ஒருநாள் சமையலறைத் தராசொன்றை அலுவலகத்துக்குக் கொண்டுபோய், லஞ்ச் ஷீட்டை விரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்தேன். சோறு 540 கிராம் இருந்தது. மீன் துண்டு முள்ளோடு 45 கிராம். பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, உருளைக்கிழங்குக் கறி அதைவிடச் சற்றுக் கூட, எண்ணெய் வழியும் கத்தரிக்காய்ப் பொரியல், ஓர் அப்பளம், வல்லாரைச் சம்பல் விரல்நுனியால் அள்ளி எடுக்கக்கூடிய அளவு, வெறும் 15 கிராம். சமைத்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 130 கிலோகலோரி இருப்பதால், அந்தப் பார்சலில் சோறு மட்டுமே 700 கிலோகலோரி. லஞ்ச் ஷீட்டில் பொரியல் கிடந்த இடத்தைக் கைத்துடைப்புத் தாளால் ஒற்றியபோது தாள் முழுவதும் நனைந்துவிட்டது. ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் 120 கிலோகலோரி இருக்கிறது.

அந்தச் சோற்றில் பாதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கீரையும் போஞ்சியும் அவித்த கடலையும் வைத்தால், கடலையின் சக்தியைக் கழித்தாலும் ஒரு நேரத்தில் இருநூறு முதல் முந்நூறு கிலோகலோரி வரை குறைந்துவிடும். மற்ற நேரங்களில் எதையும் கூட்டாமல் இதை நாள்தோறும் செய்தால் கணக்குப்படி நான்கு அல்லது ஐந்து கிழமைக்கு ஒரு கிலோ குறையும்; உடல் மெலிய மெலிய அந்த வேகமும் மெல்ல இறங்கும். இது மந்தமாகத் தோன்றலாம். ஆனால் இவ்வாறு குறைவது பெரும்பாலும் கொழுப்பு, அதிலும் சோறு தட்டில் இருந்துகொண்டே குறைவது. பாதிச் சோறு மிஞ்சியிருக்கும்போது முழுச் சோற்றையும் எதிரியாக்கி விரட்டுவது தேவையற்ற துன்பம் என்பதே என் துணிபு.

சோற்றை விலக்கியவர்கள் அந்த வெற்றிடத்தை எதனால் நிரப்புகிறார்கள் என்று பார்க்காமல் விடுவது அடுத்த தவறு. அக்கா சோற்றை விட்டிருந்த நாட்களில் அவருடைய தட்டில் கோழிப் பொரியல், முட்டைப் பொரியல், தாராளமாகத் தேங்காய்ச் சம்பல், மாலையில் ஒரு கிண்ணம் கஜு ஆகியவை இருந்தன. கஜு 100 கிராமில் ஏறத்தாழ 550 கிலோகலோரி உண்டு. அது 400 கிராம் சோற்றின் சக்தியைவிடக் கூட. முதற்பாலில் காய்ச்சிய சொதியும் குழம்பும் அப்படித்தான். தேங்காய் நம் சமையலின் உயிர்; அதை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டாம் பாலில் கறியைக் காய்ச்சி, இறக்கும்போது முதற்பாலைச் சிறிதளவு விட்டாலே சுவை நின்றுவிடும்.

இதன் மறுபக்கமாக, சோற்றைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் தேநீரை மறந்துவிடுகிறார்கள். அலுவலகத்தில் நாளொன்றுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால், தேக்கரண்டிக்கு 5 கிராம் வீதம் 50 கிராம் சீனி, அதாவது 200 கிலோகலோரி வயிற்றுக்குள் போகிறது. நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி உண்ணும் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள மேல் எல்லை அந்த 50 கிராமேதான். அதையும் 25 கிராமாகக் குறைத்தால் மேலும் நல்லது என்கிறது. போத்தல் பானங்களைப் பொறுத்தவரை, 2016 முதல் இலங்கையில் விற்கப்படும் இனிப்புப் பானங்களில் நிறக்குறியீடு அச்சிடப்படுகிறது. சிவப்பு வட்டம் என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி உண்டு என்று பொருள். 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் அது ஏறத்தாழ ஒன்பது தேக்கரண்டி. இந்தச் சீனி பசியையும் ஆற்றுவதில்லை, நார்ப்பொருளையும் தருவதில்லை. மாச்சத்தில் எதையேனும் முற்றாக நிறுத்தத்தான் வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், இதைத்தான் காட்டுவேன்.

எல்லா மாச்சத்தையும் ஒரே கூடையில் போடுவதால் நேரும் இழப்பு இங்கேதான் தெரிகிறது. பயறு, கௌபி, கடலை, பருப்பு, பழங்கள், பலாக்காய் ஆகிய எல்லாவற்றிலும் மாச்சத்து இருக்கிறது. நாளொன்றுக்கு வளர்ந்தவர் ஒருவருக்குக் குறைந்தது 25 கிராம் தேவைப்படும் நார்ப்பொருளும் இவற்றிலிருந்தே பெரும்பாலும் கிடைக்கிறது. அக்கா மூன்று கிழமையும் மலச்சிக்கலால் அவதிப்பட்டதற்குக் காரணம் அதுவே.

நல்ல மாச்சத்து என்று பெயர் வந்ததும் அளவை மறப்பதும் நம்மிடையே பரவலாக உண்டு. சிவப்பரிசியும் குரக்கனும் நார்ப்பொருளால் வெள்ளை அரிசியைவிட மேலானவை. சக்தியின் அளவிலோ பெரிய வேறுபாடு இல்லை. மூன்று குழல் குரக்கன் புட்டு உண்டால் மூன்று குழலின் சக்தியும் உடலில் சேரும். தேங்காயெண்ணெய் விட்டுச் சமைத்து 12 மணி நேரம் குளிரூட்டினால் சோற்றின் கலோரி பாதியாகிவிடும் என்ற செய்தி இன்றும் கைபேசிகளில் சுற்றுகிறது. கொழும்பிலுள்ள இரசாயன விஞ்ஞானக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2015 இல் அமெரிக்காவில் நடந்த மாநாடொன்றில் முன்வைத்த ஆய்வுகூட வேலைதான் அதன் மூலம். குளிரும் சோற்றில் சமிபாடடையாத மாப்பொருள் சற்றுக் கூடுகிறது என்பது உண்மை. அந்தச் செய்தியை நம்பி இரட்டிப்பாக உண்பதற்கு அது போதிய ஆதாரமாகாது.

இனிச் சொல்லப்போவதை நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் தயவுசெய்து கவனமாக வாசிக்க வேண்டும். அத்தான் கிளிக்லசைட் குளிசை எடுப்பவர். அக்காவுக்குத் துணையாக அவரும் சோற்றை நிறுத்தினார்; குளிசையை வழமைபோலவே எடுத்து வந்தார். ஐந்தாம் நாள் இரவு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறத் தொடங்கியது. குருதியில் சீனியின் அளவு ஒரு டெசிலீற்றருக்கு 58 மில்லிகிராம் எனக் கருவி காட்டியது. 70 க்குக் கீழே போனாலே ஆபத்து. அக்கா மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடியும் சோதித்த பின்னரே வீட்டார் மூச்சு விட்டார்கள். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளும் இன்சுலினும் மாச்சத்து உள்ளே வந்தாலும் வராவிட்டாலும் குருதிச் சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற வேறுவகை நீரிழிவுக் குளிசைகளை எடுப்பவர்கள் மாச்சத்தைப் பெருமளவு குறைத்தால் குருதியில் அமிலத்தன்மை கூடும் ஆபத்து வேறு உண்டு. இவர்களும், சிறுநீரக நோயாளர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும் உணவில் கைவைக்கும் முன் தமது வைத்தியரிடம் என்ன குறைக்கப் போகிறோம், எவ்வளவு குறைக்கப் போகிறோம் என்று சொல்லி, மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா எனக் கேட்டே ஆக வேண்டும்.

அத்தானின் கிளினிக்கில் வைத்தியர் குளிசையின் அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். வீட்டில் இப்போது இருவருக்கும் ஒரே சமையல். அக்கா பழைய தேநீர்க் கோப்பை ஒன்றைச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். மதியம் ஆளுக்கு ஒரு கோப்பைச் சோறு, மிச்ச இடமெல்லாம் கீரையும் மரக்கறியும் மீனும். தேநீரில் சீனி அரைக் கரண்டியாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது தட்டில் முருங்கையிலை வறையும் சூடை மீன் குழம்பும் இருந்தன, கோப்பையால் அளந்த சோற்றை எனக்கும் போட்டுவிட்டு, “காணுமோ தம்பி?” என்று கேட்டார். காணும் என்றேன், காணத்தான் செய்தது.