வளவு வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீட்டைக் கவனித்துக்கொள்ள ஆள் தேடுபவர்கள், 'உண்மையானவர்தானா' என்று மட்டும் விசாரிப்பதோடு நின்றுவிடக் கூடாது. கேட்டதற்குப் பொய் கலக்காமல் பதில் சொல்வது வாய்மை. கேட்பார் இல்லாதபோதும் ஒப்புக்கொண்டபடி நடப்பது நாணயம். பின்கட்டில் கிடந்த பித்தளை அண்டாவைப் பழம்பொருள் வியாபாரியிடம் விற்றுவிட்டு, நீங்கள் கேட்டதும் "ஆமாம், விற்றேன், பணமும் செலவாகிவிட்டது" என்று ஒப்புக்கொள்பவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. ஆனால் அவரிடம் வீட்டை விட்டுவைக்கவும் முடியாது.

பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார் (செட்டிநாட்டு வணிகச் சமூகத்தார்), பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்கு ஏஜெண்டுகளை அமர்த்தி அனுப்பினார்கள். முதலாளி ஊரில் இருக்க, கடை கடலுக்கு அப்பால் இருந்ததால், நேரில் நிறுத்திக் கேள்வி கேட்கும் வாய்ப்பு அரிது. தபாலில் வந்த கணக்கும், தவணை முடிவில் போட்ட ஐந்தொகை என்ற இருப்புநிலைக் கணக்கும்தான் ஆளைக் காட்டின. உங்கள் சோதனையும் அந்த வழியிலேயே அமையட்டும்.

முதலில், மழைக்காலத்துக்கு முன் ஓடு மாற்றவோ தாழ்வாரத்தைச் செப்பனிடவோ 5,000 ரூபாய் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் கணக்குக் கேட்காமல் இருங்கள். மீதிப் பணமும் ரசீதும் தாமாக வந்து சேர்கின்றனவா என்பதைக் கவனியுங்கள். கேட்ட பிறகு சரியான கணக்கைத் தருபவரிடம் வாய்மை இருக்கிறது என்பது மட்டுமே உறுதி. வேலையில் நேர்ந்த தவறை, உதாரணமாக தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஒன்று உடைந்துபோனதை, நீங்கள் பார்ப்பதற்கு முன்பே அவர் தெரிவித்தால் அது இன்னும் நல்ல அடையாளம். (பணத்தை வேண்டுமென்றே கண்ணில் படும்படி வைத்துச் சோதிப்பவர்களும் உண்டு. அது சோதிப்பவரின் நாணயத்தைத்தான் குறைக்கும் என்பது என் கருத்து.)

இரண்டாவதாக, அவர் எதைச் சொல்ல மறுக்கிறார் என்று பாருங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு பங்காளியின் கடன் விவரத்தை இன்னொரு பங்காளி தூண்டித் துருவிக் கேட்கும்போது, மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டிவிடுபவர் உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் தம்மை நம்பிச் சொன்னவரைக் கைவிட்டுவிடுகிறார். "எனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்வது முறையாகாது, அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்" என்பவர் பொய்யும் சொல்லவில்லை, நம்பிக்கையையும் கெடுக்கவில்லை. அவரிடம் முகப்புச் சாவியோடு பெட்டகச் சாவியையும் சேர்த்தே கொடுக்கலாம்.