சதுரங்க ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) நகரவே இல்லையா?

சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்ட வேலை முடிந்து, ஒட்டுக்கடையில் உட்கார்ந்து மூன்று நிமிடச் சதுரங்கமாக ஆடித் தள்ளும் தம்பிகளே, அதைக் கொஞ்சம் குறையுங்கள். இணையத்தில் சதுரங்கம் ஆடும் தளமான லிசெஸ் இலவசம்தான். அதில் 15+10 ஆடுங்கள்: ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 10 விநாடி கூடுதல். யோசிக்க நேரம் கிடைக்கும்.

தோற்றால் எங்கே கோட்டை விட்டோம் என்று முதலில் நீங்களே தேடுங்கள், அப்புறம்தான் கணினி அலசல். இந்த வரிசையை மாற்றவே கூடாது. எதிராளியின் குதிரை ஒரே தாவலில் உங்கள் ராணியையும் யானையையும் தாக்கியதா? சரி, அந்த வாரம் முழுக்க அந்த வகைப் புதிர்களை மட்டும் போடுங்கள். லிசெஸில் வகைவாரியாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். தொடர்ந்து இரண்டு தோல்வி என்றால் அன்றைக்குக் கைப்பேசியை வைத்துவிடுங்கள்.