ஆங்கிலத்தின் தண்ணீர்த் தொடர்கள்: டெல்டா செய்திகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் தண்ணீரை வைத்துச் சொல்லும் உருவகத் தொடர்கள் நிறைய. அவற்றைத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துச் செய்திக்குள் தமிழாக்கிக் கொண்டுவரும்போது கூடுதல் கவனம் வேண்டும். மேட்டூரில் இன்று எத்தனை அடி என்று டீக்கடையில் பேசிக்கொள்ளும் ஊர்கள் இவை. தண்ணீர் என்று எழுதினால் படிப்பவர் நிஜத் தண்ணீரைத்தான் நினைப்பார்.

அடிக்கடி பிழையாவது 'வாட்டர்ஷெட் மொமெண்ட்'. இதை 'நீர்ப்பிடிப்புத் தருணம்' என்று எழுதிவிடுகிறார்கள். அமெரிக்க வழக்கில் வாட்டர்ஷெட் என்பது நீர்ப்பிடிப்புப் பகுதி. ஆனால் பிரிட்டிஷ் வழக்கில் அது, மழைநீரை இரண்டு பக்கமும் வெவ்வேறு ஆறுகளுக்குப் பிரித்துவிடும் மேட்டு வரம்பு. உருவகம் பிறந்தது இந்தப் பொருளிலிருந்துதான்: அதுவரை ஒரு போக்கு, அதற்கப்புறம் வேறு போக்கு. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று, கர்நாடகம் தமிழகத்துக்குத் தர வேண்டிய காவிரி நீரை 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. அந்தத் தீர்ப்பை ஆங்கிலக் கட்டுரை ஒன்று வாட்டர்ஷெட் என்றால், தமிழில் 'திருப்புமுனை' போதும். நீர்ப்பிடிப்பு என்று எழுதினால், வழக்கே ஆற்று நீரைப் பற்றியது என்பதால், அணைகளின் நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பற்றி ஏதோ சொல்லியிருப்பதாகத்தான் தோன்றும். அரசுத் திட்டத்தின் பெயரில் வாட்டர்ஷெட் வந்தால் கதை வேறு. அங்கே 'நீர்வடிப்பகுதி' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதையே போடுங்கள்.

'ஃப்ளட்கேட்ஸ்' இன்னும் ஆபத்தானது. பயிர்க் காப்பீட்டுத் தொகை வரவில்லை என்று ஒருவர் மனு கொடுத்ததும் 'வெள்ளக் கதவுகள் திறந்தன' என்று எழுதினால், கொள்ளிடக் கரையில் இருப்பவருக்கு வயிறு கலங்கும். 'மனுக்கள் வந்து குவிந்தன' என்பதே சரி. இதே சொல் நீதிமன்றச் செய்தியில் வந்தால், 'இதை அனுமதித்தால் இதுபோல் இன்னும் எத்தனையோ வழக்குகள் வரும்' என்ற வாதம் அது. அங்கே 'குவிந்தன' பொருந்தாது, இன்னும் எதுவும் வரவில்லையே.

குறுவை பொய்த்த வருஷத்தில் விவசாயிகள் 'ஹெட் அபவ் வாட்டர்' நிலையில் இருக்கிறார்கள் என்றால், கடன்பட்டோ கைமாற்று வாங்கியோ எப்படியோ சமாளிக்கிறார்கள் என்று பொருள். தலை, தண்ணீர் என்றதும் 'தண்ணீர் தலைக்கு மேல் போய்விட்டது' என்ற நம் வழக்கு கைக்கு வந்துவிடும். அதற்கு நேர் எதிர்ப்பொருள், கைமீறிப் போய்விட்டது என்று.

சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் பழமொழியைப் போட்டாலும் தப்பித்துவிட முடியாது. 'ட்ராப் இன் தி ஓஷன்' (கடலில் ஒரு துளி) என்பதற்கு 'யானைப் பசிக்குச் சோளப்பொரி' நல்ல இணை, நிவாரணம் போதவில்லை என்று குறைசொல்லும் இடத்தில். ஆனால் நன்கொடை கொடுத்தவரே தன் பங்கைப் பணிவாக அப்படிச் சொன்னால் பழமொழி கெடுத்துவிடும். 'என்னால் முடிந்த சிறு உதவி' என்று எழுதுங்கள். 'ஸ்டில் வாட்டர்ஸ் ரன் டீப்' (சலனமில்லாத நீர் ஆழமாக ஓடும்) என்பதற்கு 'நிறைகுடம் தளும்பாது' என்பதும் அப்படித்தான். நிறைகுடம் பாராட்டு மட்டுமே. ஆங்கிலத் தொடரோ, அமைதியானவர் மனத்துக்குள் என்ன இருக்கிறதோ என்ற எச்சரிக்கையாகவும் வரும்.

கடைசியாக 'டெயில் எண்ட்'. பாசனச் செய்தியில் அது கடைமடை, வேறு சொல் தேட வேண்டாம். கூட்டத்தின் டெயில் எண்ட் என்றால் கூட்டம் முடியும் தறுவாய்.