கோடையில் தென்னை: பச்சை ஓலையைப் பார்த்து ஏமாற வேண்டாம்

மாசி, பங்குனியில் ஓலை பச்சையாக நின்றால் மரத்துக்கு ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவதுதான் குமரி மாவட்டத்து விளைகளில் (தோப்புகளில்) நடக்கும் பெரிய தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

ஈரம் குறைந்ததும் தென்னை ஓலையின் நுண்துளைகளை மூடிக்கொள்கிறது. தண்ணீர் மிச்சமாகும், ஆனால் கரியமில வாயுவும் அதே துளை வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். அது குறைந்தால் சர்க்கரை தயாராவதும் குறையும். இருக்கிற சர்க்கரையில் ஒரு பங்கு செல்லுக்குள் சேர்ந்து, போகிற நீரை இழுத்துப் பிடிக்கிறது. நீர் வற்றும்போது புரதங்கள் உருக்குலையாமல் இருக்கவும் உதவுகிறது. காய்க்குக் கொடுக்க மிச்சமில்லாதபோது மரம் குரும்பையை, அதாவது பிஞ்சுக் காயை, உதிர்க்கிறது. ஓலை வாடுவது அதற்கும் பிறகுதான்.

பாளைக்கான மொட்டு, பாளை வெடிப்பதற்கு ஏறக்குறைய 32 மாதம் முன்பே குருத்துக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. வெடித்த பாளை முற்றின காயாக இன்னும் 12 மாதம். ஆக, இந்தக் கோடையில் பட்ட அடி மூன்று வருடம் தாண்டியும் காய்வெட்டில் தெரியும். காய் குறைந்த வருடத்தில் மட்டும் மருந்தும் உரமுமாக ஓடினால், என்றைக்கோ நடந்த சேதத்துக்கு இன்றைக்குச் செலவு செய்கிறோம்.

அடுத்தது, ஹோஸை மரத்தின் தூரோடு சேர்த்துப் போட்டுத் தண்ணீர் விடுவது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. நீரை உறிஞ்சும் இளம் வேர்கள் தூரைவிட்டு விலகித்தான் அதிகம். 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்து, பாத்தி முழுக்க நனைய வேண்டும். வளர்ந்த மரத்துக்கு 4 நாளுக்கு ஒருமுறை 200 லிட்டர் என்பது பொதுவான கணக்கு. அகஸ்தீஸ்வரம் பக்கத்து கடலோர மணலில் அவ்வளவையும் ஒரே தடவை விட்டால் வேருக்குக் கீழே இறங்கிப் போய்விடும்; அங்கே பிரித்துப் பிரித்து விடுவதே சரி. சொட்டுநீர் என்றால் தூரிலிருந்து 1 மீட்டர் தள்ளி நான்கு பக்கமும் 30 சென்டிமீட்டர் நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, 40 சென்டிமீட்டர் பிவிசி குழாயைச் சரிவாக வைத்து, அதற்குள் சொட்டுக்குழாயை விட்டு, குழியைத் தென்னைநார்க் கழிவால் நிரப்புங்கள். மேல்மண் காய்ந்து கிடந்தாலும் வேருக்கு ஈரம் கிடைக்கும்.

ஆனி, ஆடியில் மாவட்டத்தின் மேற்கே விளவங்கோட்டில் மழை பெய்கிறது என்பதற்காகக் கிழக்கே தோவாளைக்காரர்கள் தண்ணீரை நிறுத்துவதும் தவறு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஓலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேகத்தைப் பார்க்காதீர்கள், ஒரு சாண் தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள்.

கதம்பையை (தேங்காய் உரித்த நார்த்தோலை) அடுக்குவதில் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பாத்தியில் மூடாக்காகப் போடும்போது முதுகு மேலே, குழிவு மண்ணைப் பார்த்து இருக்க வேண்டும். மரத்துக்கு 100 கதம்பை போதும். மல்லாத்திப் போட்டால் மழைத்தண்ணீர் அதில் தேங்கிக் கொசுதான் வளரும். மண்ணுக்குள் புதைப்பதானால் இதற்கு நேர்மாறு: தூரிலிருந்து 1.5 மீட்டரில் 30 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழத்தில் வட்டமாகச் சால் எடுத்து, குழிவு மேலே வரும்படி அடுக்கி மண் மூட வேண்டும். கதம்பை தன் எடையைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். இந்தப் பலன் 5 முதல் 7 வருடம் நிற்கும். மழைக்கு முன்பே புதைத்தால்தான் குடிப்பதற்குத் தண்ணீர் இருக்கும். பங்குனியில் புதைப்பதில் அந்தக் கோடைக்குப் பலனில்லை.

பச்சை மட்டையை வெட்டிச் சாய்ப்பது கொடுமை. சர்க்கரை செய்கிற ஓலையே அதுதான், குலையைத் தாங்குவதும் மட்டைதான். கடும் வறட்சியில் தொங்கிப்போன அடிமட்டை மூன்று நான்கை எடுக்கலாம், அதற்குமேல் வேண்டாம். பச்சை மட்டையை வெட்டியே ஆகவேண்டுமென்றால் 120 சென்டிமீட்டர் காம்பை விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டின காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும்.

ஓலையின் நுண்துளைகளைத் திறந்து மூடும் வேலைக்குப் பொட்டாஷ் தேவை. வளர்ந்த மரம் ஒன்றுக்கு வருடத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. இரண்டு பாதியாக ஜூன்-ஜூலையிலும் டிசம்பர்-ஜனவரியிலும். காய்ந்த மண்ணில் வாரி இறைத்தால் உப்பு ஏறி, வேருக்குக் கிடைக்கும் கொஞ்ச ஈரமும் கிடைக்காமல் போகும்.

மரம் ஏறுவதற்குத் தடியில் படி வெட்டாதீர்கள். மாவும் பலாவும்போல வருடாவருடம் புதுக் கட்டை போட்டுக் காயத்தை மூடத் தென்னையால் முடியாது. நீரேற்றும் குழாய்கள் மரத்தின் ஆயுள் முழுக்க அவையேதான். கடும் வறட்சியில் அவற்றுக்குள் காற்றுக் குமிழி புகுந்து நீரோட்டம் அறும்போது, வெட்டுப்பட்ட மரத்துக்குச் சுற்றிப்போக வழியும் குறைவு.

மேற்கே ரப்பர் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: ஜனவரியை ஒட்டி இலை உதிர்வது சாவு அல்ல. ஆனால் ரப்பர் பாலுக்கும் மூலப்பொருள் சர்க்கரைதான். தளிர் முற்றிப் பச்சை திரும்பும்வரை பால் வெட்டை நிறுத்துங்கள்.